உன் கொள்ளுப்பாட்டிக்குக் கோபம் வரட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் நாவலின் கைப்பிரதியைப் படித்து முடித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேர்விட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை நம் வீட்டுப் பெண்ணே எழுதுகிறாள் என்பதில் எனக்கு அத்தனை பெருமை. அந்த உரிமையில்தான் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கொள்ளுத்தாத்தா உயிரும் சதையுமாக நடமாடுகிறார். கொள்ளுப்பாட்டியோ சமைக்கிறாள், அழுகிறாள், பொறுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். மாரியம்மனுக்குக்கூடக் கோபம் வருகிறது, உன் கொள்ளுப்பாட்டிக்கு ஓரிடத்திலும் வரவில்லை.

காரணம் தெரிகிறது. கப்பல் பதிவேட்டில் உனக்குக் கிடைத்தது ஒற்றை வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. பெற்றவளின் பெயருக்கு அங்கே கட்டமே கிடையாது. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். அந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டு வம்சம் தேடினால் தகப்பன் வழியில்தான் போய்ச் சேருவோம்.

கூலிக் கணக்கைப் பார், சட்டத்தைப் பார். ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தத்துக்கும் இணங்காமல் இங்கேயே தங்கியவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் (பிரிட்டிஷ் பணம்) வரி கட்ட வேண்டும் என்றது 1895-ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு அதைப் பிள்ளைகள் மீதும் சுமத்தினார்கள்: மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். கரும்புத் தோட்டத்தில் ஒரு பெண் முதல் ஆண்டு முழுக்க உழைத்த கூலி அது! மகள் பெரியவளாகிறாள், சடங்கு செய்ய வேண்டிய வீட்டில் வரிக்குப் பணம் தேடுகிறார்கள். அன்றைக்கு அந்தத் தாய் என்ன செய்திருப்பாள்? தாலியை அடகு வைத்தாளா, மறுபடி தோட்டத்தில் கைநாட்டு வைத்தாளா, மகளுக்கு வயதைக் குறைத்துச் சொன்னாளா? உன் நாவலின் நடுநெஞ்சு இங்கேதான் இருக்கிறது. நீயோ இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டாய்.

நம் மதமுறைத் திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்ற நிலை 1913-இல் வந்தபோது பெண்கள் எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போனார்கள். சிறையில் நோயுற்று, வெளியே வந்து 16 வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையை நாம் மறக்கவில்லை. அவரோடு போராட்டத்தில் இறங்கிய அவருடைய தாயைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்? இந்த ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் வீட்டு அத்தியாயத்தில் உன் கதாநாயகி தாயோடு வாய்ச்சண்டை போடும் இடம் அபாரம். அதில் கை வைக்காதே. அந்த வாயைக் கொள்ளுப்பாட்டிக்கும் கொடு. வரி கேட்டு ஆள் வரும் அத்தியாயத்தை எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா