மேனிஃபோல்டு மாத்துனா பிக்கப் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர் கார் பக்கத்துல இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜின் சிலிண்டருக்கெல்லாம் காத்த பிரிச்சு அனுப்புற குழாய்க் கூட்டம், அத பத்தி வந்திருந்துச்சு. கம்பெனி மேனிஃபோல்ட கழட்டிட்டு வெளில விக்கிற ரேஸிங் மேனிஃபோல்டு போட்டா 20 குதிரைசக்தி கூடும்னு போட்டிருந்தீங்க, எந்த இன்ஜினுக்கு, எத்தன ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற சுத்து), வேற என்னென்ன மாத்துன பெறகுன்னு ஒரு வரி கெடையாது. நான் பெங்களூர் லால்பாக் ரோடு பக்கம் 22 வருஷமா இன்ஜின் ஹெட் வேல, சிலிண்டர் போரிங் வேல பாக்குறவன். திங்கக்கிழம கடை ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பசங்க அந்தப் பக்கத்த மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, அண்ணா இது போட எவ்ளோ ஆகும்னு. ரெண்டு பேரும் ஆபீஸ் போற பசங்க, ஒருத்தன் தெனம் ஜெயநகர்ல இருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போயிட்டு வரவன். அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து பேசி அனுப்பிட்டேன், ஆனா பேப்பர் படிச்ச எல்லாருக்கும் நான் டீ வாங்கிக் குடுக்க முடியாதுல்ல, அதான் எழுதுறேன்.

எங்க அக்கா பையன் கதைய சொன்னாலே பாதி புரிஞ்சிரும். அவன்கிட்ட பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கு, கம்பெனி கணக்குல 106 குதிரைசக்தி, இன்னிக்கும் பசங்க தேடித்தேடி வாங்குற வண்டி. ஒரு தடவ கல்யாணத்துக்கு சென்னை போயிட்டு வந்தவன் நேரா கடைக்கு வந்து "மாமா, சென்னைல வண்டி என்னமா இழுக்குது தெரியுமா, இங்க வந்தா செத்துருது, எங்கயோ அடைச்சிருக்கு"ன்னான். ஒண்ணும் அடைக்கலடா, நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல ஒசரத்துல இருக்கு, காத்து சென்னைய விட பத்துல ஒரு பங்கு லேசு, டர்போ (காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற சாமான்) இல்லாத வண்டில பவரும் கிட்டத்தட்ட அதே கணக்குல கொறையும், 106ன்னு எழுதியிருக்கறது இங்க 95 பக்கம்தான்னு சொன்னேன். கேக்குற வயசா அது. நாலு மாசம் கழிச்சு ஒரு பொட்டியத் தூக்கிட்டு வரான், வெளிநாட்டு அலுமினிய மேனிஃபோல்டு, கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து 52,000 ரூபா, அக்காகிட்ட சொன்ன கணக்கு 15,000.

நான் போட மாட்டேன்னுட்டேன். வேற ஒரு கேரேஜ்ல போட்டுக்கிட்டான், ரெண்டாவது நாள் திரும்பி வந்துட்டான். ஐட்லிங் நிக்கல, ஆர்பிஎம் முள்ளு 800க்கும் 1800க்கும் நடுவுல ஊஞ்சலாடுது, கேஸ்கெட் ஓட்டையும் ஹெட் போர்ட்டும் (ஹெட்ல காத்து நுழையுற ஓட்டை) ஒண்ணுக்கொண்ணு சேரல, ஒரு ஓரத்துல காத்து இழுக்குது. அது கூட பரவால்ல சார், பிரேக் பெடல லேசாக்குற பூஸ்டருக்கு போற வேக்குவம் (காத்து உறிஞ்சுற இழுப்பு) மேனிஃபோல்டுல இருந்துதான் எடுக்கணும், புது மேனிஃபோல்டுல அதுக்கு பைப் சொருகுற சரியான நிப்பிள் இல்ல, அந்த கேரேஜ்காரர் ஏதோ சன்ன பைப்புல டீ ஜாயின்ட் போட்டு ஒப்பேத்தி விட்டிருக்காரு. மொத தடவ அழுத்துனா பிரேக் பிடிக்குது, உடனே ரெண்டாவது தடவ அழுத்துனா பெடல் கல்லு மாதிரி நிக்குது. சில்க் போர்டு ஜங்ஷன் கூட்டத்துல இத வச்சுக்கிட்டு ஓட்டிருக்கான், நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. கார் பக்கத்துல எழுதுறவங்க குதிரைசக்தி பத்தி நாலு பத்தி எழுதுறாங்க, இந்த பிரேக் விஷயத்துக்கு அரை வரி குடுத்தா என்ன?

சரி, காத்து லீக்க நிறுத்தி, நிப்பிள் வெல்டு வச்சு, ஈசியூவும் (இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர்) ரீமேப் பண்ணி, அதாவது அதுல இருக்குற பெட்ரோல் கணக்க மாத்தி, ஒழுங்கு பண்ணோம். ரீமேப் இல்லாம முடியாது, ஏன்னா மேனிஃபோல்டு பிரஷர பாத்து பெட்ரோல் அளக்குற வண்டில கம்பெனி போட்டு வச்ச கணக்கு பழைய மேனிஃபோல்டுக்கு போட்ட கணக்கு, எந்த ஆர்பிஎம்ல எவ்ளோ காத்து உள்ள போகுதுங்கறதே மாறிட்டா பெட்ரோல் அளவும் தப்பாப் போகும். அப்புறம் ஒரே நாள்ல பழசையும் புதுசையும் மாத்திமாத்திப் போட்டு டைனோல, அதாவது வண்டியோட பவர அளந்து கோடு போட்டுக் காட்டுற மெஷின்ல, ஏத்திப் பாத்தோம். 5500 ஆர்பிஎம் தாண்டுன பெறகு புது கோடு கொஞ்சூண்டு மேல ஏறுது, 4000க்கு கீழ முழுக்க பழைய கோட்டுக்கு அடியிலயே கெடக்குது. ரோட்டுல அது எப்படி தெரிஞ்சுதுன்னா, ஓசூர் ரோடு டிராஃபிக்ல செகண்ட் கியர்ல உருண்டு போன எடத்துல எல்லாம் ஃபர்ஸ்ட் போட வேண்டியிருந்துச்சு.

டைனோ ஷீட்டு பத்தி இன்னொண்ணு, அதுல வர நம்பர் பல எடத்துல கரெக்ஷன் போட்டு கடல் மட்டத்து கணக்குக்கு மாத்துன நம்பர். பெங்களூர்ல வீல்ல நெஜமா 100 வர்ற வண்டிக்கு ஷீட்ல 110 பக்கம் அடிச்சிருக்கும். முன்னாடி எடுத்த ஷீட்டு கரெக்ஷன் இல்லாம, பின்னாடி எடுத்தது கரெக்ஷனோடன்னு வச்சுக்காட்டுனா ஒரு போல்டு கூட மாத்தாம 10 குதிரைய ஏத்திரலாம்.

ஏன் கீழ செத்து மேல எழுந்திரிக்குதுன்னா அது குழாய் நீளம் சம்பந்தப்பட்டது. எங்க தாத்தா அல்சூர் சோமேஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு தூக்கிட்டுப் போவாரு, நாயனம் கேக்க. திமிரி நாயனம் குட்டையா இருக்கும், சுருதி ஒசரம், பாரி நாயனம் நீளம், சுருதி கீழ எறங்கி நிக்கும். மேனிஃபோல்டு குழாயும் அதே சங்கதிதான். வால்வு தொறந்திருக்கும்போது ஓடி வர்ற காத்து, வால்வு மூடுனதும் செவுத்துல முட்டுன மாதிரி முட்டும், அந்த அலை குழாய் வழியா பின்னாடி போய் பிளீனத்துல (குழாயெல்லாம் வந்து சேர்ற காத்துப் பெட்டி) பட்டு திரும்பி வரும், வால்வு அடுத்த தடவ தொறக்குற நேரமா பாத்து வந்து சேந்துச்சுன்னா கூடக் கொஞ்சம் காத்த உள்ள தள்ளி விட்டுரும். காத்துல அலை செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் போகும், 6000 ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்கு செகண்டுல நூத்துல ஒரு பங்கு நேரம்தான், அதுக்குள்ள அலை மூணரை மீட்டர் ஓடும், 3000ல ஏழு மீட்டர் ஓட நேரம் இருக்கு. அதனால கீழ்ஆர்பிஎம்ல இழுவை வேணும்னா நீளக் குழாய், மேல பவர் வேணும்னா குட்டைக் குழாய். ரெண்டும் ஒரே குழாய்ல வேணும்னா நடக்காது, அதுக்குத்தான் 1991ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ ஜெயிச்ச மாஸ்டா 787பி வண்டில குழாய் நீளமே ஓட ஓட மாறுற மாதிரி வச்சிருந்தாங்க. கடைல வாங்குற அலுமினிய மேனிஃபோல்டு அப்படி மாறாது, முக்காவாசி குட்டைக் குழாயாத்தான் இருக்கும், பெரிய பிளீனம் வச்சு, பாக்க ஜோரா.

இதுக்கு நல்ல ஒதாரணம் 1960 கிரைஸ்லர் 300எஃப். பெரிய எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், 30 இஞ்ச் நீளக் குழாய் வச்சதுல 375 குதிரைசக்தி, குழாய்க்குள்ள நடுச்சுவர வெட்டி அலை ஓடுற நீளத்த 15 இஞ்சா பாதியாக்குன ஸ்பெஷல் இன்ஜின்ல 400. அடடா 25 கூடிருச்சேன்னு தோணும், ஆனா டார்க், அதாவது இழுவை, 495ல இருந்து 465 பவுண்டு அடியா எறங்கிருச்சு, அதுவும் 2800 ஆர்பிஎம்ல கெடச்சது 3600க்கு போயிருச்சு. அந்த வி8க்கு 30 போனா தெரியாது. நம்ம 1500 சிசிகிட்ட குடுக்கறதுக்கு என்ன இருக்கு?

அந்த 20 குதிரைங்கற பேச்சே அமெரிக்காவுல இருந்து வந்ததுன்னு நெனைக்கிறேன். அங்க விக் எடெல்பிராக் 1938லயே ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8க்கு தனியா மேனிஃபோல்டு வார்த்து வித்தவரு, அந்தக் காலத்து கம்பெனி மேனிஃபோல்டு ஒரே சின்ன கார்புரேட்டர நம்பி இருந்துச்சு, அத மாத்துனா வித்தியாசம் தெரியத்தான் செய்யும். இப்பவும் அஞ்சு லிட்டர், ஆறு லிட்டர் இன்ஜின்ல கேம் (வால்வ தொறந்து மூடுற தண்டு), ஹெட், எக்ஸாஸ்ட் எல்லாம் மாத்தி முடிச்சவங்களுக்கு கடைசியா கழுத்த நெரிக்கிறது மேனிஃபோல்டா இருக்கும், அப்ப அத மாத்துறது நியாயம். இங்கயும் 2016ல ஃபோர்டு மஸ்டாங் 5.0 வந்துச்சு, அதுக்கு அமெரிக்காவுல ஜிடி350ங்கற இன்னொரு மஸ்டாங்கோட மேனிஃபோல்ட போட்டுக்கறது பழக்கம், அதுலயும் மேல கூடி நடுவுல கொறையுற கததான்.

நம்ம ஊர்ல ஓடுற டர்போ வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்த. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா 1.0 டிஎஸ்ஐ இன்ஜின்ல டர்போ அனுப்புற சூடான காத்த ஆத்துற இன்டர்கூலரே மேனிஃபோல்டுக்குள்ளதான் உக்காந்திருக்கு, அத கழட்டி எறிஞ்சா கூலிங்கும் சேந்து போயிரும். பூஸ்ட (டர்போ தள்ளுற அழுத்தம்) ஏகத்துக்கும் ஏத்தி பிளாஸ்டிக் மேனிஃபோல்டு தாங்காத கட்டத்துக்கு போனவங்க அலுமினியத்துக்கு மாறலாம், மத்தவங்க அந்தக் காசுல நல்ல டயர் வாங்குங்க. பிளாஸ்டிக்க கேவலமா பேசுறது ஒரு ஃபேஷன் ஆயிருச்சு, ஆனா கம்பெனிக்காரன் காசு மிச்சம் புடிக்க மட்டும் அத வைக்கல, எடை கம்மி, உள் செவுரு வழவழன்னு வரும், இன்ஜின் சூடு காத்துக்கு ஏறாது. பொம்மனஹள்ளி சிக்னல்ல அரை மணி நேரம் நின்ன வண்டில அலுமினிய மேனிஃபோல்டு மேல கை வச்சுப் பாருங்க, தோச ஊத்தலாம். சூடான காத்து இன்னும் லேசு, ஏற்கனவே நம்ம ஊர் காத்து லேசுன்னு மேலயே சொன்னேன்.

அப்ப யாருக்குமே வேணாமான்னா அப்படி சொல்லல. அக்கா பையன் கடைசில அந்த மேனிஃபோல்ட கோயம்புத்தூர் பையன் ஒருத்தனுக்கு பாதி வெலைக்கு குடுத்துட்டான். அவன் வண்டில கேம் மாத்தி, ஹெட் போர்ட்டிங் பண்ணி (காத்து போற ஓட்டைய செதுக்கி), கம்ப்ரெஷன் ஏத்தி, கரி மோட்டார் ஸ்பீட்வேல ஓட்டுறவன். 2.1 கிலோமீட்டர் டிராக், 5000க்கு கீழ முள்ளு எறங்குனா ஓட்டுறவன் மேல தப்பு. அங்க அந்த மேனிஃபோல்டு அதோட வேலைய செய்யுது, போன் பண்ணி சந்தோஷமா சொன்னான். அந்த டிராக்குக்கு பேர் குடுத்த கரிவரதன் மாருதி 800 இன்ஜின வச்சே ஃபார்முலா மாருதின்னு ரேஸ் கார் கட்டுனவரு, இன்ஜின் என்ன இருக்கோ அதுல இருந்து மொதல்ல எல்லாத்தையும் புழிஞ்சு எடுக்கணும், பளபளப்பு பெறகுன்னு எங்க மேஸ்திரி அவர காட்டித்தான் சொல்லுவாரு.

ரோட்டு வண்டி வச்சிருக்கற பசங்க என்கிட்ட வந்தா நான் சொல்றது, ஏர் ஃபில்டர் மாத்து, பிளக் பாரு, வால்வு கிளியரன்ஸ் செட் பண்ணு, கம்ப்ரெஷன் எடுத்துப் பாரு. பழைய வண்டில பாதிக்கு பாதி போன பவர் அங்கயேதான் இருக்கும், சில ஆயிரத்துல முடியும். எனக்கு இதுல காசு கம்மிதான், மேனிஃபோல்டு மாட்டிவிட்டா லேபரே நல்லா வாங்கலாம், ஆனா நாளைக்கு பிரேக் புடிக்கலன்னு ஒருத்தன் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது.

சட்டத்த பத்தியும் உங்க பக்கத்துல ஒண்ணும் இல்ல. மோட்டார் வாகன சட்டம் 52ஆவது பிரிவு ஆர்சில இருக்குற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதயே சொல்லிருக்கு, அதே வருஷ திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல அனுமதியில்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்.

அடுத்த தடவ இந்த மாதிரி போடும்போது எந்த இன்ஜின், எத்தன ஆர்பிஎம், வேற என்ன மாத்திருக்கு, இந்த மூணையும் சேத்துப் போடுங்க, அது போதும். இந்த லெட்டர போட்டீங்கன்னா என் பேர் மட்டும் வேண்டாம் சார், எங்க அக்காவும் உங்க பேப்பர்தான் வாங்குறாங்க, 52,000 கணக்கு அவங்களுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
லால்பாக் ரோடு வாசகர் ஒருவர்,
பெங்களூரு