ஒரு நோவுக்கு மூன்று கிளினிக் கொப்பிகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

81 வயதான என் தாயார் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் புறப்படும் போதெல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் மூன்று கிளினிக் கொப்பிகளை வைத்துக்கொள்வார். ஒன்று இதய நோய்க் கிளினிக்கில் எழுதப்படுவது. மற்றொன்று நரம்பியல் நிபுணர் எழுதுவது. மூன்றாவது முழங்காலுக்காக என்பு நோய் வைத்தியர் எழுதுவது. ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருப்பதை மற்றைய இரண்டு கிளினிக்குகளிலும் எவரும் வாசித்ததை நான் கண்டதில்லை. நாட்பட்ட வலியால் துன்புறுவோருக்கு நமது நகரில் கிடைக்கும் சிகிச்சையின் நிலை இதுதான் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தாயாரின் நெஞ்சின் இடப்பக்கத்தில் அக்கி போட்டது. இளவயதில் வரும் கொப்புளிப்பானை உண்டாக்கும் அதே வைரசு, நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு காலம் உறங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்தெழுவதால் வருவது அது. சில வாரங்களில் கொப்புளங்கள் காய்ந்து தோல் ஆறிவிட்டது. நோ மட்டும் போகவில்லை. இரவிக்கையின் துணி உரசினாலும், மின்விசிறியின் காற்றுப் பட்டாலும் துடித்துப் போவார். நரம்பியல் நிபுணர் அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரையைச் சிறிய அளவில் இரவில் எடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கென்று உருவான மருந்தாயினும் நரம்பு வலியைத் தணிக்க உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பல மாதங்களுக்குப் பிறகு தாயார் விடியும்வரை தூங்கினார். அடுத்த மாதம் இதய நோய்க் கிளினிக்கில் அம்மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்; முதியோரின் இதயத் துடிப்பை அது பாதிக்கக்கூடும் என்பதே காரணம். இரண்டு வைத்தியர்களும் தத்தம் துறையில் சரியாகவே சிந்தித்திருந்தார்கள். ஆனால் ஒருவரோடொருவர் பேசவில்லை. மாற்று மருந்து எதுவும் இல்லாமல் ஆறு வாரங்கள் கழிந்தன. அந்த ஆறு வாரமும் தாயார், முழங்காலுக்கெனக் கொடுத்திருந்த டைக்லோபெனாக் என்னும் வலி மாத்திரையை நெஞ்சு நோவுக்கும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். நரம்பு வலிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. இரத்த அழுத்தத்தைத்தான் கூட்டியது. இதில் எந்த வைத்தியர் மீதும் எனக்குக் குறையில்லை. ஒரே உடம்பை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் ஏற்பாட்டின் மீதுதான் குறை.

இந்தச் சிக்கலை மருத்துவ உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே இனங்கண்டுவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில் பணியாற்றிய மயக்க மருந்து நிபுணர் ஜோன் பொனிக்கா, காயம் ஆறிய பின்னரும் வலி ஆறாத போர்வீரர்களைத் தம்மால் தனித்துக் குணப்படுத்த இயலாதெனக் கண்டு, வேறு துறைகளின் நிபுணர்களை மதிய உணவு வேளையில் கூட்டி, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கலந்துரையாடினார். மல்யுத்த வீரராக இருந்து பட்ட காயங்களால் வாழ்நாளெல்லாம் வலியோடு வாழ்ந்தவர் அவர். பின்னாளில் சியாட்டிலில் பல்துறை வலிக் கிளினிக் ஒன்றை அவர் உருவாக்கியதும், 1973இல் அந்நகருக்கு அருகே பல நாடுகளின் வைத்தியர்களையும் உடற்றொழிலியல், உளவியல் ஆய்வாளர்களையும் ஒன்றுகூட்டியதும், அதிலிருந்து சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் பிறந்ததும் அந்த உணவு மேசையின் தொடர்ச்சியே. அறிவியலிலும் அப்படித்தான். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் நோ குறைவது ஏன் என்பதற்கும் விளக்கம் தரக்கூடிய, வலிச் செய்தியை விடவோ தடுக்கவோ வல்ல ஒரு கதவு போன்ற அமைப்பு தண்டுவடத்தில் உண்டென்னும் ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’ 1965இல் வெளிவந்தபோது, அதை எழுதிய இருவரில் ரொனால்ட் மெல்சாக் உளவியலாளர், பட்ரிக் வோல் நரம்பு உடற்றொழிலியலாளர். தண்டுவடத்தில் நடப்பதையும் மனத்தில் நடப்பதையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததாலேயே அவர்களுக்கு அது வசப்பட்டது.

மெல்சாக்கின் மற்றொரு பணி தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. நோயாளிகள் தங்கள் வலியை வருணிக்கும் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, 78 சொற்களை 20 பிரிவுகளில் அடுக்கி, 1975இல் மக்கில் வலி வினாக்கொத்தை அவர் வெளியிட்டார். எரிகிறது என்பவருக்கும் உளைகிறது என்பவருக்கும் உள்ளே நிகழ்வது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சொல்லே நோயறிதலுக்குத் துணை செய்கிறது. நம் மொழியில் இதற்குப் பஞ்சமில்லை. குத்து, கடுப்பு, உளைவு, எரிவு, குடைச்சல், விறைப்பு, சுளுக்கு, பிடிப்பு, இசிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஆயினும் என் தாயார், “தணலை அள்ளி நெஞ்சிலே கொட்டினது மாதிரி இருக்குது, ஐயா” என்று கூறியதை அங்கிருந்த பணியாளர் வைத்தியரிடம் சிங்களத்தில் “ரிதெனவா” என்று மொழிபெயர்த்தார். நோகிறது என்ற அந்த ஒற்றைச் சொல்லே கொப்பியில் ஏறியது. தணல் அங்கேயே அணைந்துவிட்டது. நரம்பு பாதிக்கப்பட்டதால் வரும் வலிக்கு எரிவு எவ்வளவு முக்கியமான அடையாளம் என்பதை நான் பின்னரே அறிந்துகொண்டேன். சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாக உள்ள நாட்டில், இந்த இழப்பைச் சிறிய விடயமாகக் கருத என்னால் இயலவில்லை.

நாட்பட்ட வலியை இன்று உலக சுகாதார நிறுவனமே தனித்து வகைப்படுத்தியிருக்கிறது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலிக்கு உரிய குறியீடுகள் உள்ளன. வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றி, அதற்கே உரிய சிகிச்சை வேண்டிய நிலையாகவும் அது ஏற்கப்பட்டுள்ளது. இங்கும் சில வைத்தியசாலைகளில் வலிக்கென்று கிளினிக்குகள் நடக்கின்றன. மயக்க மருந்து நிபுணர்கள் அதில் அரும்பாடுபடுகிறார்கள். எனினும் நரம்பியல், வாதநோய், என்பு, இதயம், உளநலம் ஆகிய துறைகளின் நிபுணர்களும், இயன்மருத்துவர்களும், தாதியரும், மருந்தாளரும் ஒரே நோயாளியை முன்னிறுத்திக் கூடும் வழக்கம் வேரூன்றாதவரை, கிளினிக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் கொப்பிகளின் எண்ணிக்கைதான் கூடும்.

சுதேச வைத்தியர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தாயார் எண்ணெய் பூசுகிறார், கஷாயம் குடிக்கிறார். ஏசுவார்கள் என்ற பயத்தில் அதை எந்த வைத்தியரிடமும் சொல்வதில்லை. இவ்வாறு மறைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதைக் கிளினிக் வாங்குகளில் காத்திருந்த வேளைகளில் கேட்டறிந்திருக்கிறேன். எதை எதோடு சேர்த்து உட்கொள்கிறார்கள் என்பது தெரியாமல் ஆய்வும் நடவாது, சிகிச்சையும் பாதுகாப்பாக அமையாது.

1887 முதல் இயங்கிவரும் இலங்கை மருத்துவச் சங்கம் போன்ற, துறைகளுக்குப் பொதுவான அமைப்பொன்று இதற்கு முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் பெரிய கட்டடமோ புதிய இயந்திரங்களோ தேவையில்லை. கொழும்பின் ஒரு வைத்தியசாலையில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அரைநாள் நிபுணர்கள் கூடட்டும். நோயாளியிடம் ஒரே கொப்பி இருக்கட்டும். ஒரு மருந்தை நிறுத்துபவர் அதை எழுதியவருக்கு அறிவிக்கும் கடமை விதியாகட்டும். அக்கூட்டங்களின் பதிவுகளை, நோயாளிகளின் பெயர் நீக்கித் தொகுத்துவந்தால், நம் நாட்டு நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக்கு அதுவே அடித்தளமாகும்.

இவற்றோடு, யாழ்ப்பாணத்தவரும் மலையகத்தவரும் மட்டக்களப்பாரும் கொழும்புத் தமிழரும் முஸ்லிம் மக்களும் நோவைக் குறிக்க வழங்கும் சொற்களை அவற்றின் சிங்கள விளக்கத்தோடு ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொரு கிளினிக் மேசையிலும் வைக்க வேண்டும். முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். வைத்தியர்கள் எவரேனும் இப்பணியைத் தொடங்குவார்களாயின், சொற்களைத் திரட்டும் வேலையை ஊதியமின்றிச் செய்து கொடுக்க நானும் என் தோழிகள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.