வண்ணத்துப்பூச்சியை ஒட்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் பள்ளியில் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்துக் கற்பது பற்றிய உங்கள் கட்டுரைக்கு, "இஷ்டத்துக்கு விட்டால் பிள்ளை எப்படி உருப்படும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 26 ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்தவள் நான். நானும் அப்படிக் கேட்டவள்தான்.

ஆண்டு விழாக் கண்காட்சியில் முப்பது வண்ணத்துப்பூச்சிகள் ஒரே அளவில், ஒரே நிறத்தில் சுவரில் தொங்கும். பெற்றோர் பூரித்துப் போவார்கள். அவற்றில் முக்கால்வாசி, முந்தின நாள் மாலை நானும் ஆயாவும் வெட்டி ஒட்டியவை. ஒரு வருடம் ஒரு பையன் தன் பெயர் போட்டிருந்ததைக் காட்டி, "இது மிஸ்ஸோடது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினேன். மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி மணலில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் காணாமல் போனது. திரும்பவும் ஊற்றினாள். குழிக்குள் கையை விட்டுத் தேடினாள். அரை மணி நேரம் இதே வேலை. முன்பென்றால், "சட்டையை நனைக்காதே, வந்து 'அ' எழுது" என்று இழுத்து வந்திருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், சிரமப்பட்டுத்தான். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கேட்டு வாங்கிக் குழிக்குள் விரித்தாள். தண்ணீர் நின்றது! மறுநாள் துணி, இலை, செய்தித்தாள் எல்லாவற்றையும் மணலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். "எதில் தண்ணீர் சீக்கிரம் இறங்கும்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

இஷ்டத்துக்கு விடுவது என்கிறார்களே, அதில் ஆசிரியருக்கு வேலை கூடத்தான் செய்யும். எதை எடுத்து வைப்பது, எப்போது சும்மா இருப்பது என்று நாள் முழுக்க யோசிக்க வேண்டும்.

ரோமில் 1907இல் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியில் ஒருநாள், கற்கும் பொருள்கள் இருந்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். தாமதமாக வந்த ஆசிரியை பார்த்தபோது, பிள்ளைகள் வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலையில் இறங்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரியோ, இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என்று புரிந்துகொண்டு, கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகளை வைத்தார்.

எழுத்து? வரும். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் பல, மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைக்க என்ன அவசரம்? களிமண் பிசையட்டும், காகிதம் கிழிக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் நீங்கள் வெளியிடும் ஓவியங்கள் பலவற்றில் பெரியவர் கை தெரிகிறது (எனக்குத் தெரியாதா!). வாரம் ஒரு கிறுக்கலையாவது போடுங்கள். அது என்னவென்று அந்தக் குழந்தை சொன்னதையும், திருத்தாமல், கீழே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை