அந்தச் சோளக் காட்டை ஆற விடுங்கள்

பென்சில்வேனியாவில் காக்கை வேட்டைக்குப் போகும் நம் வாட்ஸ்அப் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். குழுவிலேயே எழுதியிருக்கலாம். அங்கே எழுதினால் நாலு கும்பிடு எமோஜி விழும், அடுத்த நிமிஷம் யாராவது காலை வணக்கப் படம் போடுவார், விஷயம் மேலே போய்விடும். அதனால்தான் இப்படி நீளமாக ஒரு மடல். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. நான் காக்கை சுடப் போகும் சோளக் காட்டின் லொகேஷன் பின்னை (மேப்பில் இடம் காட்டும் குறியை) குழுவில் போட்டவருக்கு அது தான்தான் என்று தெரியும். அவரை அந்த இடத்துக்கு முதலில் கூட்டிப்போனவன் நான் என்பதால் பாதிப் பழி என்மேல்.

லங்காஸ்டர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் அந்த இடத்தைப் பார்த்தால் விசேஷமாக ஒன்றும் தெரியாது. அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு, மூலையில் நாலைந்து ஓக் மரங்கள், பின்னால் ஓர் ஓடை. அங்கே காக்கை குடியிருக்கவில்லை. அது காக்கை போகிற பாதை. குளிர்காலத்தில் பல்லாயிரம் காக்கைகள் லங்காஸ்டர் நகரத்துக்குள் வந்து அடைகின்றன. நகரத்தின் கதகதப்பும் வெளிச்சமும் அவற்றுக்குப் பிடித்திருக்கிறது போல. விடிந்ததும் அங்கிருந்து கிளம்பி வயல்களுக்கு இரை தேடப் போகும், பொழுது சாய்ந்ததும் திரும்பும். போகும் வழியும் வரும் வழியும் கிட்டத்தட்ட தினமும் ஒன்றுதான். அந்த வழிக்கு நேர் கீழே இந்தக் காடு. இப்படி ஓர் இடம் அமைய எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. எத்தனையோ சாயங்காலம் காரை ஓரம் நிறுத்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டு, காப்பி ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பழக்கியவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர். முதல் நாளே மூன்று விஷயம் சொன்னார். அடைகிற மரத்தருகே துப்பாக்கியைத் தூக்காதே. ஓர் இடத்தில் சுட்டால் மூன்று வாரத்துக்கு அந்தப் பக்கம் தலைவைக்காதே. விழுந்த காக்கையையும் வெற்றுத் தோட்டாவையும் பொறுக்காமல் வண்டி ஏறாதே. அதிகமாகப் பேசமாட்டார். காரணம் கேட்டதற்கு, “நீ வருவதை அவை குறித்துக்கொள்ளும்” என்று மட்டும் சொன்னார்.

அந்த முதல் காலை எனக்கு மறக்காது. ஜனவரி மாதம், தரையில் இறுகிப்போன பனி. பன்னிரண்டு பொம்மைக் காக்கைகளை அறுத்த சோளத் தாளடியில் பரப்பினோம். நடுவில் ஒரு குச்சியில் பிளாஸ்டிக் கூகை. பகலில் கூகையைக் கண்டால் காக்கை விடாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம், அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பெரியவர் மரக் குழலை வாயில் வைத்துக் காக்கையின் சண்டைக் குரல் கொடுத்தார். முதலில் ஒற்றை ஒன்று வந்தது. உயரத்தில் ஒரு சுற்று, தலையைச் சாய்த்து ஒரு பார்வை. அப்புறம் கத்திக்கொண்டே கீழே இறங்கியது. பின்னாலேயே இருபது, முப்பது. கூகையைத் தவிர வேறு எதையும் அவை பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம்தான். அதற்குள் பெரியவர் துப்பாக்கியை மடித்துவிட்டார். காக்கை இன்னும் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

(ஊரில் அம்மாவிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை. அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்காமல் அவர் ஒரு வாய் சாப்பிடமாட்டார். கா கா என்று கூரையைப் பார்த்துக் கூப்பிட்ட வீட்டில் வளர்ந்தவன் இங்கே வேறு காரணத்துக்காகக் கூப்பிடுகிறேன். அது என் தனிக் கணக்கு, விடுங்கள்.)

நம்மில் பலர் வேட்டைக்கு வந்ததே விசா வழியாகத்தான். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதற்காக வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினோம். கையில் உரிமம் இருக்கிறது, மானுக்கு ஒரு சீசன் முழுக்கக் காத்திருக்க வேண்டும், காக்கைக்கோ நாளுக்கு இத்தனை என்ற வரம்பே இல்லை. சரி, காக்கையில் தொடங்குவோம் என்று வந்தோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. வரம்பு இல்லை என்பதை, எத்தனை பேர் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்று நாமாகப் படித்துக்கொண்டோமே, அதுதான் தப்பு.

லொகேஷன் பின் போட்ட அந்தச் சனிக்கிழமை நாலு வண்டி. அடுத்த நாள் ஆறு. அடுத்த வாரம் நான் போனபோது, வழக்கமாக நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்த இடமில்லை. காட்டின் இரண்டு மூலையிலிருந்தும் இரண்டு ஸ்பீக்கர், இரண்டிலும் ஒரே காக்கைக் குரல் ஒலிப்பதிவு. வாத்து வேட்டைக்குச் சட்டப்படி கூடாத ஸ்பீக்கர் காக்கைக்குக் கூடும் என்பதால் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறோம், எல்லோரும் முதல் பாட்டையேதான் போடுகிறோம். மூன்றாவது வாரம் ஒற்றைக் காக்கை வந்தது. உயரத்தில் நின்றபடி குட்டையாக இரண்டு முறை கத்தியது. பின்னால் வந்த வரிசை முழுக்க அப்படியே வலப்பக்கம் திரும்பி ஓடைக்கு அந்தப் பக்கமாகப் போனது. இன்றைக்கும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது.

‘கோடிக்கணக்கில் இருக்கும் பறவை, நாலு பேர் சுட்டால் என்ன குறைந்துவிடும்’ என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். எண்ணிக்கை குறையாது, நானும் ஒத்துக்கொள்கிறேன். 1999-இல் நியூயார்க்கில் தலைகாட்டிய வெஸ்ட் நைல் வைரஸ் காக்கைகளுக்குச் செய்ததில் நம் துப்பாக்கிகள் ஒரு மூலைக்குக் காணாது. குறைவது இடம். காக்கை சாகாது, வராது, அவ்வளவுதான்.

இது பெரியவரின் அனுபவம் மட்டும் இல்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் ஒரு சோதனை செய்தார். குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். அப்புறம் யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காக்கைகள் திட்டித் தீர்த்தன. வருஷங்கள் போகப் போகத் திட்டும் கூட்டம் பெருகியது. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. ஒப்பிட்டுப் பார்க்க, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் முகமூடி போட்டவர்களை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அது வேறு வேடிக்கை. மார்ஸ்லஃபின் மாணவி கெய்லி ஸ்விஃப்ட் இன்னொன்று பார்த்தார்: செத்த காக்கையைக் கையில் ஏந்திய ஆள் நின்ற இடத்தில், அடுத்த சில நாட்களுக்கு இரை கிடந்தாலும் காக்கைகள் இறங்கத் தயங்கின. இப்போது யோசித்துப் பாருங்கள். செத்ததை எடுக்காமல் தாளடியில் விட்டுவிட்டு, அடுத்த நாளே அதே சட்டையோடு, அதே காரில், அதே ஸ்பீக்கரோடு போய் நிற்கிறோம்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக யோசித்திருக்கிறது. மெக்சிகோவோடு இருந்த வலசைப் பறவை உடன்படிக்கையை 1972-இல் திருத்தியபோதுதான் காக்கை மத்தியப் பாதுகாப்புக்குள் வந்தது. வருஷத்துக்கு 124 நாளுக்குமேல் சீசன் கூடாது, கூடு கட்டும் உச்சக் காலத்தில் வேட்டையே கூடாது. பென்சில்வேனியா அந்த 124 நாளை வாரத்துக்கு மூன்று நாளாகப் பிரித்துப் பரப்பியது: வெள்ளி, சனி, ஞாயிறு. எந்தக் கணக்கில் பிரித்தார்களோ, பறவைக்கு வாரம் நாலு நாள் ஆறுதல் கிடைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை மீட்டிங், அதனால் எல்லோரும் சனியும் ஞாயிறும் ஒரே காட்டில்.

நிலத்துக்காரர் விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. அவர் ஆமிஷ் மனிதர், நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். வீட்டுக்குள் போன் கிடையாது. அனுமதி கேட்க வேண்டும் என்றால் கொட்டகை வாசலில் போய் நின்று, அவர் பால் கறந்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்க வேண்டும். அப்படித்தான் நான் கேட்டேன். ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்’ என்றார். வேறு நிபந்தனையே வைக்கவில்லை. நம் ஆட்கள் பின்னைப் பார்த்து நேரே காட்டுக்கு வந்தார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் குதிரை வண்டி கட்டிப் பிரார்த்தனைக்குப் போகிற நேரத்தில்.

போன வாரம் ஓக் மரங்களில் ஊதா பெயிண்ட் பார்த்தேன். எட்டு அங்குலம் இருக்கும், நெட்டுக்குத்தான கோடு, மார்பளவு உயரத்தில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 2020-இல் இருந்து இந்த மாநிலத்தின் பெரும்பாலான கவுண்டிகளில் அந்தக் கோடு போட்டால் ‘உள்ளே வராதே’ என்று பலகை வைத்ததற்குச் சமம். அலங்காரம் என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழுவில் இனிமேல் பின் போடாதீர்கள். இடம் அடையாளம் தெரிகிற போட்டோவும் வேண்டாம், அந்த ஓக் மரங்களைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்தவர் இருக்கிறார். புதிதாக வருபவருக்கு ஆசை இருந்தால் உங்கள் வண்டியில் கூட்டிப் போங்கள். எந்தக் காட்டுக்கு யார் கடைசியாக எப்போது போனார் என்று நாம் நாலு பேராவது பேசி வைத்துக்கொள்ளலாம். நம் தாத்தாமார் ஒரு போகம் தரிசு போட்ட மாதிரி, காக்கைக் காட்டையும் மூன்று வாரமாவது போட்டு வையுங்கள். சொந்த இடம் வேண்டும் என்றால் சாயங்காலம் காரை நிறுத்தி வானத்தைப் பாருங்கள். பெட்ரோலும் காப்பியும்தான் செலவு.

பழைய பின் இன்னும் குழுவில் கிடக்கிறது. போட்டவர் இன்று இரவே எடுத்துவிடட்டும்.

நான் நேற்று நிலத்துக்காரர் வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வேட்டைக்கு இனி வேண்டாம் என்றார், குரல் உயராமல். தாளடியில் சிதறிக் கிடக்கும் தோட்டா ஓடுகள் மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடும் என்று அவருக்குக் கவலை; பொறுக்க மட்டும் வரலாம் என்றார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போகிறேன். துப்பாக்கி இல்லாமல், ஆளுக்கொரு வாளியோடு வர முடிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்