ஆவணியில் பார்த்துவிட்டுத் தரிசு என்று எழுதிய நிலம்

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

விடயம்: எங்கள் குளத்து அலைகரைத் தரவையையும் (குளத்து நீர் ஏறி இறங்கும் கரையோர மேய்ச்சல் வெளி) அதை ஒட்டிய பாலைமரக் காட்டையும் கிரவல் (வீதி போடும் சரளை மண்) அகழ்வுக்குக் கொடுக்காமல் காப்பது தொடர்பாக

வணக்கம்.

போன ஆவணியில் எங்கள் ஊருக்கு ஒரு வாகனம் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள், ஒருவர் கையில் ஜிபிஎஸ், இன்னொருவர் கையில் குடை. குளத்துக்கு மேற்கே உள்ள தரவையில் அரை மணித்தியாலம் நடந்தார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தோம், போய்விட்டார்கள். அந்த இடம் ‘பயன்பாடற்ற அரச காணி, பற்றைக்காடு’ என்று அறிக்கையில் ஏறியிருப்பதும், அங்கே கிரவல் எடுக்க ஒருவர் விண்ணப்பித்திருப்பதும் இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. வந்தவர்கள் பொய் எழுதினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆவணியில் வன்னியில் எந்தத் தரவையைப் பார்த்தாலும் யாருக்கும் அப்படித்தான் எழுதத் தோன்றும்: காய்ந்த புல், வெடித்த மண், மாட்டுச் சாணி, இடைக்கிடை ஒரு காரைப் பற்றை. நாங்கள் கேட்பது, தையில் ஒருதரம் வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்பதுதான்.

நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர். வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்த கையோடு பிள்ளைகளை அந்தத் தரவைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய நிலம் தையில் மெல்ல வடிந்து ஈரமணலாகக் கிடக்கும். அந்த மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டு, காசு அளவு வட்டத்தில், சிவப்பாக ஒரு செடி இருக்கும். இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பனித்துளி மாதிரி ஒரு பசைத்துளி. எறும்போ கொசுவோ வந்து உட்கார்ந்தால் முடிந்தது கதை. துரோசரா என்று பாடப் புத்தகத்தில் படிக்கிற அதே பூச்சிதின்னிச் செடிதான், பிள்ளைகள் அதைப் பார்க்கப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு பஸ் பிடிக்க வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்திலேயே நூல் போன்ற தண்டில் சின்ன மஞ்சள் பூவோடு இன்னொன்று நிற்கும், அது மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய பைகளால் இரை பிடிக்கும். நைதரசன் குறைந்த ஏழை மண்ணில் பிழைக்கத்தான் இவை இந்த வித்தையெல்லாம் கற்று வைத்திருக்கின்றன. அதனால் மண் ஏழையாகவே இருக்க வேண்டும், ஈரமும் அதே அளவில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஆழமாக வெட்டினாலோ உரத் தண்ணீர் வந்து விழுந்தாலோ புல் வளர்ந்து இவற்றை மூடிவிடும்.

இதே தரவையின் பள்ளங்களில் ‘கொட்டி’ என்ற நீர்ச்செடி இருக்கிறது. பஞ்ச காலங்களில் சனம் கிண்டி அவித்துத் தின்றது அதன் கிழங்கைத்தான், இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது. தண்ணீர் வற்றினால் இலை அழிந்து கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உறங்கும். பூச்சிதின்னிச் செடியும் கோடை வர விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப் போகும். ஆகவே ஆவணியில் வந்தவர்களின் சப்பாத்துக்கு அடியிலேயே இவ்வளவும் இருந்தன, விதையாகவும் கிழங்காகவும், மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள். கிரவல் எடுக்கிறவன் முதலில் வழித்து ஓரமாகத் தள்ளுவது அந்த ஒரு சாண் மண்ணைத்தான். பிறகு ‘மீள நிரப்பித் தருகிறோம்’ என்று எந்த நிபந்தனையில் கையெழுத்து வைத்தாலும் நிரப்புவது குழியைத்தான், அந்தக் குழியில் தண்ணீர் நின்று நுளம்பு பெருகுவதைத்தான் பக்கத்து ஊர்களில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, தரவைக்கு மேலே உள்ள காட்டுக்கு வருகிறேன். பாலை, வீரை, முதிரை மூன்றும் கலந்து நிற்கும் காடு அது, இடையிடையே கருங்காலி. உள்ளே இருக்கிற பெரிய பாலைகளில் சிலதை இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. பாலைப்பழம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வன்னியில் வேலை செய்யும் யாருக்கும் ஒரு தடவையாவது உதடு ஒட்டியிருக்கும். ஒரு வருடம் கொட்டோ கொட்டென்று கொட்டும், அடுத்த வருடம் கையை விரித்துவிடும். பழக் காலத்தில் கரடி மரத்தில் ஏறித் தின்னும், அந்தக் கரடியின் எச்சத்தில் கிடக்கும் விதைகளில் இருந்துதான் புதுக் கன்றுகள் நெடுந்தூரம் போய் முளைக்கின்றன. பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்றைக்கு நட்டால் என் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளைதான் அதன் நிழலில் மாடு கட்டுவான்.

யுத்த காலத்தில் பங்கருக்கும் விறகுக்கும், மீள்குடியேறிய பிறகு வீட்டுக் கூரைக்கும் எத்தனை முதிரை, எத்தனை பாலை விழுந்தது என்று எனக்குத் தெரியும். நானும் வெட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. முதிரையை 1998இலேயே உலக அளவில் அழியும் ஆபத்துள்ள மரங்களின் வரிசையில் வைத்தார்கள். கருங்காலி எங்கள் கண்முன்னாலேயே குறைந்துபோயிற்று. நாட்டின் 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்களை ஆராய்ந்து, அவற்றில் 1,300க்கும் மேற்பட்டவை ஆபத்தில் உள்ளதாகச் சொன்னார்கள். இப்படிப்பட்ட கணக்கில் எங்கள் குளத்து மூலையும் எங்கேயோ ஒரு புள்ளியாக இருக்கும்.

நிலவேம்பு பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் விற்பது வேறு செடி. எங்கள் நாட்டு வைத்தியப் பரியாரிமார் நிலவேம்பு என்று சொல்வது பெரிய மரங்களின் நிழலில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளராத, மிகக் கசப்பான, காய்ச்சல் கசாயத்துக்குப் போடுகிற செடி. அதை வேரோடு பிடுங்கித்தான் பாவிப்பார்கள், அதனால் ஒருமுறை பிடுங்கினால் அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. நல்ல விலையும் போகிறது. மரத்தை வெட்டாவிட்டாலும் நிழல் குறைந்தால் அது கருகும். பாலைக் கிளைகளில் ஒட்டி வளரும் ஓர்க்கிட்டுகளுக்கும் இதே கதிதான், மரம் போனால் அதுவும் போகும், மரம் நின்றாலும் பூவைக் கண்டு ஆசைப்பட்டு உரித்துக்கொண்டு போகிறார்கள். இதனால்தான் ஊரின் பெயரையும் அந்த இடத்தையும் இந்த மனுவில் நாங்கள் எழுதவில்லை. தனியாக மூடிய உறையில் வரைபடம் வைத்திருக்கிறோம். தயவுசெய்து அதைக் கோப்பில் போட்டு மேசை மேசையாக அனுப்பிவிட வேண்டாம்.

அறிக்கையில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் பற்றி ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம் என்று கேட்கலாம். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதென்றால் சுற்றாடல் தாக்கத்தை ஆராய்ந்து அனுமதி பெற வேண்டும் என்று 1993ஆம் ஆண்டே வர்த்தமானியில் வந்துவிட்டது. ‘காடு’ என்று எழுதினால் அந்தக் கதவு திறக்கும். ‘பற்றை’ என்று எழுதினால் கதவே இல்லை. பாலையும் முதிரையும் நிற்கும் இடத்தைப் பற்றை என்று எழுத எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை, வெயிலுக்குப் பயந்து உள்ளே போகாமல் தரவையோடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இனி இந்த மனுவின் சங்கடமான பகுதி. இதில் கையெழுத்து வைக்க ஊரில் பாதிப் பேர் முதலில் மறுத்துவிட்டார்கள். காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பல வருடம் உழாமல் கிடந்த வயலுக்குள் மரம் முளைத்திருந்தது, அதைக் காடு என்று சொல்லி எல்லைக்கல் நட்டார்கள், இன்றைக்கும் சிலர் தங்கள் தகப்பன் உழுத காணிக்கு உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். ‘நீங்கள் அருமையான செடி இருக்கிறது என்று எழுதுங்கோ மாஸ்டர், நாளைக்கு என்ர வயலிலயும் கல்லு வந்து நிக்கும்’ என்று ஒரு தம்பி முகத்துக்கு நேரே சொன்னான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. வயலைக் காடு என்கிறார்கள், காட்டைப் பற்றை என்கிறார்கள், நாங்கள் எதைச் சொல்லி யாரை நம்ப வைப்பது?

ஆகவே நாங்கள் கேட்பதை மிகத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு இன்னொரு முள்கம்பி வேலி வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒரு இடத்தைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்க வழி இருக்கிறது. கொழும்புக்குப் பக்கத்தில் தலங்கம குளத்தை 2007இல் இந்த முறையில்தான் அறிவித்தார்கள், அங்கே வயல் செய்கிறவர்கள் தொடர்ந்து வயல் செய்கிறார்கள். அதே மாதிரி எங்கள் அலைகரைத் தரவைக்கும் மேலே உள்ள பாலைக் காட்டுக்கும் மட்டும், கமக்காரர் அமைப்பும் கிராம அலுவலரும் கூட நின்று எல்லை நடந்து பார்த்து, யாருடைய வயலும் மேட்டுக்காணியும் உள்ளே வராதபடி வரைந்து, அந்த வழியில் அறிவிக்கச் சிபாரிசு செய்யுங்கள். மாடு மேய்வதை நிறுத்தச் சொல்லாதீர்கள். மாடு மேய்ந்து புல் குட்டையாக இருப்பதால்தான் அந்தச் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது, இது நான் வருடக்கணக்காகப் பார்த்தது. பாலைப்பழம் பொறுக்குவதையும் நிறுத்தவேண்டாம். நிறுத்த வேண்டியது மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை.

அதற்கு முதல், கிரவல் விண்ணப்பத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இரண்டு பருவத்தில், அதாவது மாரி முடிந்த தையிலும் பழக் காலமான ஆனியிலும், தாவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஆட்களுக்கு எங்கேயும் தேடிப் போக வேண்டாம், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருந்துச் செடிக்கு யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வருகிறவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் எங்கள் பொறுப்பு. வீதி போட கிரவல் தேவை என்பதும் எங்களுக்குத் தெரியும், அந்த வீதியில்தான் நாங்களும் போகிறோம். ஏற்கெனவே தோண்டிக் கைவிட்ட இரண்டு இடங்களை வரைபடத்தில் குறித்திருக்கிறோம், அங்கே இன்னும் மண் இருக்கிறது.

இன்னொரு சின்ன விசயம். மரநடுகை மாதம் என்று சொல்லி யாராவது அந்தத் தரவையில் தேக்கங்கன்று நட வந்தால் அவர்களையும் தயவுசெய்து வேறு பக்கம் அனுப்பிவிடுங்கள். தேக்கு ஒல்லாந்தர் காலத்தில் வந்த மரம், பலகைக்கு நல்லது, ஆனால் அதன் இலைக் குப்பைக்குக் கீழே எங்கள் பூச்சிதின்னிச் செடி முளைக்காது. மரம் நட வேண்டுமென்றால் பாலையும் முதிரையும் விதை சேர்த்து நாற்றுப் போட்டுத் தர எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் தயார், இந்த வருடமே ஒரு பாத்தி போட்டுவிட்டோம். பாலை முளைக்கப் பொறுமை வேண்டும் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் தினமும் ஒருவன் போய் மண்ணைக் கிண்டிப் பார்த்துவிட்டு வருகிறான்.

நீங்கள் நேரில் வருவதென்றால் பொங்கல் முடிந்து அடுத்த கிழமை நல்லது. காலையில் எட்டு மணிக்கு முதல் வாருங்கள், வெயில் ஏறினால் பசைத்துளி மினுங்குவது தெரியாது. சப்பாத்து வேண்டாம், செருப்புப் போதும், கணுக்காலளவுக்கு ஈரம் இருக்கும். எங்கே காலை வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஊர் மக்கள், கமக்காரர் அமைப்பு சார்பில்,
ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், மூடிய உறையில் வரைபடம், கடந்த தையில் பிள்ளைகள் எடுத்த படங்கள்