புதிய பிரேம் பற்றி நீங்கள் சொன்னவையும் எங்கள் பதிலும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் புதிய எஃகு சைக்கிள் பிரேம் உங்கள் கைக்கு வந்ததிலிருந்து பட்டறையில் வெல்டிங் சத்தத்தைவிடத் தொலைபேசிச் சத்தம்தான் அதிகம். பாராட்டியவர்களுக்கு நன்றி, அவர்களுக்கு இந்த மடலில் பெரிதாக ஒன்றும் இல்லை. குறை சொன்னவர்களுக்காகத்தான் எழுதுகிறோம். வந்த குறைகளில் பாதி, நாங்கள் தெரிந்தே செய்தவை. மீதியில் பெரும்பகுதி, நாங்கள் சரியாக விளக்காமல் விட்டவை. ஒன்று மட்டும் எங்கள் பிழை. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மிகச் சிறிய அளவுப் பிரேமில் கால் நுனி முன் சக்கரத்தில் இடிக்கிறது. பெடல் முன்னால் வந்து நிற்கும் நிலையில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் காலணி டயரையோ மட்கார்டையோ தொடுகிறது. வேகமாகப் போகும்போது யாரும் ஹேண்டில்பாரை அவ்வளவு திருப்புவதில்லை. சைக்கிளைச் சாய்த்துத்தான் வளைகிறோம். ஆனால் சுமையோடு மெதுவாக வட்டமடித்துத் திரும்பும்போது இது ஆளைக் கீழே தள்ளிவிடும். அப்படி விழுந்த ஒருவர் எழுதிய கடிதத்தில் கோபமே இல்லை. அதனாலேயே கூடுதலாக உறைத்தது. எல்லா அளவுகளுக்கும் ஒரே சக்கரம் என்று பிடிவாதமாக இருந்ததுதான் காரணம். ஆளுக்கேற்ப குழாய்களைச் சுருக்கினோம், சக்கரத்தைச் சுருக்கவில்லை. முன்மாதிரிகளை ஓட்டிப் பார்த்தவர்கள் அனைவரும் உயரமானவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த தொகுதியிலிருந்து அந்த அளவு சிறிய சக்கரத்துக்கென்றே தனியாக வரையப்படும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, முன்சக்கர அச்சை 7 மி.மீ. முன்தள்ளும் வேறொரு போர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) செலவில்லாமல் அனுப்புகிறோம். அதோடு சிறிய ரிம்முக்கும் 42 மி.மீ. டயருக்கும் மாறினால் இன்னும் 15 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது போதும். பெரிய காலணி அணிபவர்களுக்குப் போதாமலும் போகலாம். போதாதென்றால் பிரேமைத் திருப்பி அனுப்புங்கள். முழுத் தொகையும் வரும், காரணம் கேட்க மாட்டோம்.

இனி சக்கரம். அதிகக் குழப்பம் இங்கேதான். குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. 700சி, 650பி, 29 அங்குலம், 27.5 அங்குலம் என்று டயர் உலகம் வைத்திருக்கும் பெயர்களைப் போல ஆளைக் குழப்புபவை வேறில்லை. 700சி, 29 அங்குலம் என்ற இரண்டும் ஒரே ரிம்தான்: டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. 650பி, 27.5 அங்குலம் இரண்டும் 584 மி.மீ. இவற்றுக்கு நடுவே 27 அங்குலம் என்று ஒரு பழைய அளவு உண்டு. அதன் விட்டம் 630. பெயரில் 29ஐவிடச் சிறியது, ரிம்மில் பெரியது! எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 27 அங்குல டயரை வாங்கிவந்து, 27.5 அங்குல ரிம்மில் ஏன் தொளதொளவென்று நிற்கிறது என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. டயரின் பக்கவாட்டில் 38-622 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். அதை மட்டும் பாருங்கள், மற்றவற்றை மறந்துவிடுங்கள்.

இந்தப் பிரேம் 622, 584 ஆகிய இரண்டு ரிம்களையும் ஏற்கும் என்று சொன்னதை “எந்த டயரையும் போடலாம்” என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். கணக்கு இதுதான். 38-622 டயர் போட்டால் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 349 மி.மீ. 50-584 போட்டால் 342. ரிம் சிறுத்ததைப் பருத்த டயர் ஈடுகட்டிவிடுகிறது. வித்தியாசம் 7 மி.மீ. மட்டுமே. சைக்கிளின் உயரமும் திரும்பும் குணமும் கிட்டத்தட்ட மாறுவதில்லை. தார்ச்சாலைக்கு ஒன்று, சரளைக்கல் பாதைக்கு ஒன்று என இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் இப்படி வரைந்தோம்.

ஆனால் சிறிய ரிம்மில் ஒல்லியான டயரைப் போட்டால்? 32-584 என்றால் ஆரம் 324. சைக்கிள் முழுவதும் 25 மி.மீ. தாழ்ந்துவிடும். 170 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) இருந்தால், பெடல் அச்சுக்கும் தரைக்கும் இடையே 104 மி.மீ. இருந்த இடத்தில் 79தான் மிஞ்சும். வளைவில் சாய்ந்து மிதித்தால் பெடல் தரையில் உரசும். உரசியதாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவரும் போட்டிருந்தது ஒல்லி டயர். சிறிய ரிம் என்றால் பருத்த டயர் என்று பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். இனி அச்சிடுவோம்.

எடையைப் பற்றி. நடு அளவில், பெயின்ட்டோடு, 2.3 கிலோ. கார்பன் பிரேமில் பழகியவர்கள் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ குறைவது நூற்றில் ஒன்று. செங்குத்தான ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் ஏறக்குறைய அரை நிமிட வித்தியாசம். சமதளத்தில் அதுகூட இல்லை. பந்தயத்தில் அரை நிமிடம் என்பது மலை; பந்தயம் ஓட்டுபவர்கள் இந்தப் பிரேமை வாங்க வேண்டாம் என்று விற்கும்போதே சொல்கிறோம். மற்றவர்களுக்கு அது தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடும் நேரம். குழாய்ச் சுவரை இன்னும் மெல்லியதாக்கி 300 கிராம் குறைத்திருக்கலாம். கேரியரில் மூட்டை ஏற்றியதும் பின்பகுதி வாலாட்டத் தொடங்கும் என்பதால் செய்யவில்லை.

ஹேண்டில்பார் விஷயத்தில் இரு தரப்பிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். வளைந்த ஹேண்டில்பார் போட்டவர்கள் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். நேர் ஹேண்டில்பார் போட்டவர்கள் நெருக்கமாக இருக்கிறது என்றார்கள். இரண்டும் உண்மை. வளைந்த பாரில் கை வைக்கும் இடம் ஸ்டெம்மிலிருந்து (பாரைப் போர்க்கோடு இணைக்கும் துண்டு) வெகுவாக முன்னே தள்ளியிருக்கும். நேர் பாரில் அப்படியில்லை. அதனால் வளைந்த பாருக்கென்றே வரையும் பிரேமில் மேல்குழாய் குட்டையாகவும், நேர் பாருக்கென்றே வரைவதில் நீளமாகவும் இருக்கும். நாங்கள் இரண்டுக்கும் நடுவே நின்றோம். வளைந்த பாருக்கு 60 மி.மீ. ஸ்டெம், நேர் பாருக்கு 90 அல்லது 100 போட்டால் உட்காரும் நிலை சரியாகிவிடும். ஒரே வகைப் பாரைத்தான் கடைசிவரை வைத்திருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தவர் அதற்கென்றே செய்த பிரேமை வாங்கினால் இன்னும் நிறைவாக இருப்பார். விற்பவர்கள் சொல்லக் கூடாத வாக்கியம்தான்; இருந்தாலும் அதுதான் நிலைமை.

பின்சக்கரம் தள்ளி இருப்பதால் கிளம்பும்போது மந்தமாக இருக்கிறது என்பதும் உண்மையே. குதிகால் பக்கப்பையில் இடிக்காமல் இருக்க அந்த நீளம் வேண்டும். இதில் எங்களிடம் மாற்றம் எதுவும் இல்லை.

கேபிள்களைக் குழாய்க்கு வெளியே ஓடவிட்டதும், பாட்டம் பிராக்கெட்டை (கிராங்குகளின் அச்சு சுழலும் பேரிங் பகுதி) மரை போட்டுத் திருகும் பழைய முறையில் வைத்ததும் சிலருக்குப் பழமையாகத் தோன்றுகிறது. மெக்கானிக்குகளிடமிருந்து மட்டும் இதுபற்றி ஒரு புகாரும் வரவில்லை. கேபிள் மாற்ற ஹேண்டில்பாரைக் கழற்ற வேண்டியதில்லை, பேரிங் மாற்றச் சுத்தியல் எடுக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே கழற்ற நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செயின் இருக்கும் வலப்பக்கத்துக் கப் (பேரிங்கைப் பிடித்திருக்கும் கிண்ணம்) எதிர்மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். வழக்கம்போல் எதிர்த்திசையில் பலம் கொண்ட மட்டும் திருகி, மேலும் இறுக்கிவிட்டு, பிறகு எங்களைத் திட்டியவர்கள் உண்டு.

போர்க் மாற்ற விரும்புவோர் எழுதும்போது பிரேமின் கீழ் பொறித்திருக்கும் எண், கிராங்க் நீளம், காலணி அளவு, மட்கார்டு போட்டிருக்கிறீர்களா என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். அது வரும்வரை மெதுவாகத் திரும்பும் இடங்களில், வளைவின் உட்பக்கத்துப் பெடலை மேலே நிறுத்தி, மிதிக்காமல் உருளவிடுங்கள்.

அன்புடன்,
பட்டறையில் உள்ள அனைவரும்

பி.கு.: பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள சிறு துளை உற்பத்திக் குறை அல்ல. சீட் குழாய் வழியே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக நாங்களே போட்டது. அதை எம்-சீல் போன்ற பசை வைத்து அடைத்துவிட்டதாகப் பெருமையுடன் படம் அனுப்பிய நண்பர், தயவுசெய்து இன்றே அதைச் சுரண்டி எடுத்துவிடவும். எஃகு உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும்.