பெயின்ட் அடிக்க வேண்டாம்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம்.

சென்னைத் தெருக்களில் பொறுக்கிய தகரத்தையும் குடைக்கம்பியையும் செருப்பு வாரையும் கொண்டு நீ செய்த நாரையின் படத்தை நம் சைக்கிள் கடையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வளைவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உடல் முழுவதும் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டாயே, அதுதான் மனத்தை உறுத்துகிறது. நாரையின் கால் குடைக்கம்பிதான் என்று பார்ப்பவர் கண்டுகொள்ளும்போதல்லவா அதற்கு உயிர் வருகிறது?

நீ முன்பு படம் அனுப்பிய, ஓவியர் பிக்காசோவின் காளைத்தலைச் சிற்பத்தை நினைத்துப் பார். 1942இல், பழைய சாமான்களோடு கிடந்த சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் இணைத்து அவர் செய்தது அது. முப்பது ஆண்டுகளாகச் சீட்டு மாற்றிக் கொடுத்துவரும் எனக்கு, அதன் குறுகிய முனையைக் கீழே திருப்பினால் காளையின் முகம் தெரியும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் சீட்டை மறைக்கவில்லை. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்தும் அப்படித்தான். 1957 முதல், வேலை நேரம் போக, புதிய நகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் பீங்கான் துண்டுகளையும் உடைந்த வளையல்களையும் சைக்கிளில் ஏற்றிச் சென்று, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டத்தையே எழுப்பினார். அரசு அதைக் கண்டறிய ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின. சைக்கிளில் கொண்டுபோனார் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை அம்மாவிடம் கேட்டுப் பார். அவர் செய்த சிலைகளின் மேல் பதிந்த வளையல், வளையலாகவே மின்னுகிறது.

துருவுக்கு அஞ்சித்தான் பெயின்ட் அடித்திருப்பாய். உதிரும் துருவை மட்டும் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் நிறமில்லாத வார்னிஷ் பூசினால் போதும். கால்களைப் பசையால் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். சென்னை வெயிலில் அதை நம்ப முடியாது. துளையிட்டு ரிவெட் அடி, இல்லையேல் போல்ட் நட் போட்டு முடுக்கு.

ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள், தெரு கூட்டுபவர்கள் வருவதற்கு முன்பே, திருநெல்வேலி டவுன் ரத வீதிகள் நான்கையும் சுற்றி வந்தேன். உடைந்த ஊதல்கள், பொம்மைக் காரின் சக்கரங்கள், அறுந்த கொலுசு ஒன்று, கைநிறைய வளையல் துண்டுகள் கிடைத்தன. குனிந்து பொறுக்குவதைக் கண்ட தெரிந்தவர் ஒருவர், எதற்கு என்று கேட்டார். என் மகளின் வேலைக்கு என்று சொன்னேன்.

அவற்றோடு தேய்ந்த பிரீவீல்கள் பதினொன்றையும் செயின்களையும் சாக்கில் கட்டி லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன். செயினில் கிரீஸ் அப்படியே இருக்கிறது. பிரிக்கும்போது பழைய துணி உடுத்திக்கொள்.

இப்படிக்கு,
அப்பா